எழுதாமல் விட்ட புள்ளி

கணினி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி எக்ஸெல் மேக்ரோவைப் (எக்ஸெலுக்குள் எழுதும் சிறு நிரல்) பற்றியவை. மீதி ஆபரேட்டர் ஓவர்லோடிங் (+, * போன்ற குறிகளுக்கு நாமே புது வேலை கொடுப்பது) பற்றியவை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுச் சண்டை. அதனால் சேர்த்தே பதில் தருகிறோம். நிரலில் வரும் சொற்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

கேள்வி: விற்பனைப் பட்டியலில் 340 வரிசைகள். வாடிக்கையாளர்கள் 40 பேருக்கு மேல் இல்லை. மேக்ரோவில் டிக்‌ஷனரி (ஒரே சாவி இருமுறை வராத பட்டியல்) வைத்து, பெயர் இருக்கிறதா என்று ‘எக்ஸிஸ்ட்ஸ்’ மூலம் கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் ‘ஆட்’ செய்கிறேன். ஆனாலும் கடைசியில் டிக்‌ஷனரியில் 340 பெயர்கள் நிற்கின்றன. அச்சிட்டுப் பார்த்தால் பெயர்கள் எல்லாம் சரியாகத்தான் தெரிகின்றன. தவறு எங்கே?
— கணக்குப் பிரிவு ஊழியர், ஈரோடு

பதில்: நீங்கள் டிக்‌ஷனரியில் பெயரைப் போடவில்லை, செல்லையே தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். ‘ஆட் செல்ஸ்(வரிசை, 1)’ என்றுதானே எழுதியிருப்பீர்கள்? டிக்‌ஷனரியின் சாவி ‘வேரியன்ட்’ வகை. எதைக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும். ‘செல்ஸ்’ என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எக்ஸெல் புதிதாக ஒரு ரேஞ்ச் ஆப்ஜெக்ட்டை (செல்லைக் குறிக்கும் பொருளை) செய்து தருகிறது. ஆப்ஜெக்ட் சாவியாக இருந்தால் டிக்‌ஷனரி ஒப்பிடுவது உள்ளே இருக்கும் எழுத்தை அல்ல, அது அதே ஆப்ஜெக்ட்தானா என்பதை. 340 வரிசைக்கு 340 வெவ்வேறு ஆப்ஜெக்ட்டுகள். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கிறது.

அச்சிட்டால் பெயர் தெரிவதுதான் இதில் ஆளை ஏமாற்றும் இடம். ரேஞ்சுக்கு ‘வேல்யூ’ டிஃபால்ட் ப்ராப்பர்ட்டியாக (பெயர் சொல்லாவிட்டால் எடுக்கப்படும் பண்பாக) செயல்படுகிறது. எழுத்தோ எண்ணோ தேவைப்படும் இடத்தில் ஆப்ஜெக்ட்டை வெறுமனே எழுதினால், விபிஏ (மேக்ரோ எழுதும் விஷுவல் பேசிக்) தானாகவே ‘.வேல்யூ’ சேர்த்துக்கொள்ளும். அச்சிடும் இடத்தில் எழுத்து தேவை, சேர்த்துக்கொண்டது. ‘ஆட்’ எதையும் ஏற்கும், சேர்க்கவில்லை. ஒரே சொல், இரண்டு இடத்தில் இரண்டு பொருள். சந்தேகம் வந்தால் சாவியை அச்சிடாதீர்கள், ‘டைப்நேம்’ கேளுங்கள். ‘ஸ்ட்ரிங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ரேஞ்ச்’ என்று வரும்.

‘செல்ஸ்(வரிசை, 1).வேல்யூ’ என்று ‘எக்ஸிஸ்ட்ஸ்’, ‘ஆட்’ இரண்டிலும் எழுதினால் எண்ணிக்கை இறங்கிவிடும். அப்படியும் 40க்கு வராமல் 46, 47 என்று நின்றால் வேறு மூன்று காரணங்களைப் பாருங்கள். பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடம்: ‘ட்ரிம்’ போடுங்கள், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பட்டியல் என்றால் 160 என்ற எண்ணுள்ள வெற்றிடம் இருக்கும், அதை ‘ட்ரிம்’ தொடாது, ‘ரீப்ளேஸ்’தான் வேண்டும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து: ‘கம்பேர்மோட்’ அமைப்பை டெக்ஸ்ட் ஒப்பீட்டுக்கு மாற்றுங்கள், அதுவும் முதல் சாவியைப் போடுவதற்கு முன்பே, பிறகு மாற்றினால் பிழை வரும். வாடிக்கையாளர் எண்ணைச் சாவியாக வைத்திருந்தால், எண்ணாக இருக்கும் 101 வேறு, எழுத்தாக இருக்கும் 101 வேறு: ‘சிஸ்ட்ர்’ போட்டு ஒரே வகையாக்குங்கள்.

இன்னொன்று. இல்லாத சாவியை வாசித்தாலே டிக்‌ஷனரி அதைச் சத்தமில்லாமல் உருவாக்கிவிடும். சோதித்துப் பார்க்கும் வரிகளே எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம்.

கேள்வி: விஷுவல் பேசிக்கில் சில இடத்தில் ‘செட்’ வேண்டும், சில இடத்தில் வேண்டாம். வேறு எந்த மொழியிலும் இந்தத் தொல்லை இல்லையே, இங்கு மட்டும் ஏன்?
— பயிற்சி மைய மாணவி, தஞ்சாவூர்

பதில்: டிஃபால்ட் ப்ராப்பர்ட்டிக்குக் கொடுத்த விலை அது. ‘அ = ஆ’ என்ற வரியில் ஆ ஒரு டெக்ஸ்ட் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியையே அ சுட்ட வேண்டுமா, பெட்டிக்குள் இருக்கும் எழுத்து அ-வுக்குள் வர வேண்டுமா? சமக்குறி ஒன்றுதான்; கேள்வி இரண்டு. பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. ‘செட்’ போட்டால் பெட்டி, போடாவிட்டால் எழுத்து.

மறந்தால் என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் அ எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆ இப்போது ஏ1 செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அ-வை ரேஞ்ச் என்று அறிவித்து இன்னும் எதுவும் வைக்கவில்லை என்றால் பிழை எண் 91 வரும். அது நல்ல காலம். அ ஏற்கெனவே சி5 செல்லைச் சுட்டிக்கொண்டிருந்தால் பிழையே வராது. ஏ1-இல் இருப்பது சி5-க்குள் எழுதப்பட்டு, அங்கிருந்தது அழிந்துபோகும். தாளில் ஓர் எண் ‘தானாக’ மாறிவிட்டது என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விட்டுப்போன ‘செட்’டைத்தான். அ வேரியன்ட் வகை என்றால் எழுத்து மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து வரி தள்ளி அதன் நிறத்தை மாற்றப் போகும்போதுதான் அழுகை.

அடைப்புக்குறியும் இதே கூட்டாளி. ‘கால்’ போடாமல் ஒரு செயற்கூற்றை அழைக்கும்போது உள்ளீட்டை அடைப்புக்குறிக்குள் வைத்தால், விபிஏ அதை மதிப்பிட வேண்டிய கோவையாக எடுத்துக்கொண்டு டிஃபால்ட் ப்ராப்பர்ட்டியை எடுத்துவிடும். ரேஞ்ச் கேட்கும் செயற்கூறு என்றால் பிழை வரும். வேரியன்ட் கேட்பது என்றால் செல்லுக்குப் பதிலாக மதிப்பு போய்ச் சேரும், யாருக்கும் தெரியாது.

தரவுத்தளம் பக்கம் போனால் சங்கிலியே உண்டு. ரெக்கார்ட்செட்டின் (தரவுத்தளத்திலிருந்து எடுத்த வரிசைகளின் தொகுப்பு) பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் ‘பெயர்’ என்று எழுதுகிறோமே, அதன் முழு வடிவம் ரெக்கார்ட்செட், புள்ளி, ஃபீல்ட்ஸ், புள்ளி, ஐட்டம், புள்ளி, வேல்யூ. மூன்று புள்ளிகள் எழுதாமல் விடப்பட்டிருக்கின்றன. இதைக் ‘கலெக்‌ஷ’னில் ‘ஆட்’ செய்தால் ஈரோட்டு வாசகருக்கு நேர்ந்த கதைதான்: ஃபீல்ட் ஆப்ஜெக்ட்தான் உள்ளே போகும், அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் முன்பு சேர்த்தவை எல்லாம் புது வரிசையின் பெயரைக் காட்டும்.

2002-இல் விஷுவல் பேசிக்கின் புது வடிவமான விபி டாட்நெட் வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதைத் துணிந்து வெட்டியது. உள்ளீடு இல்லாத டிஃபால்ட் ப்ராப்பர்ட்டி கூடாது. குறைந்தது ஒரு குறியெண்ணாவது வேண்டும். ஒதுக்கீட்டில் ‘செட்’டும் ஓய்வு பெற்றது. பட்டியல்(3) என்று எழுதினால் அடைப்புக்குறி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அது மட்டும் பிழைத்தது. பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) நிரலை மாற்றித் தந்த கருவிக்கு ஆப்ஜெக்ட்டின் வகை தெரிந்த இடங்களில் விடுபட்ட ப்ராப்பர்ட்டியை நிரப்ப முடிந்தது. தெரியாத இடங்களில், டிஃபால்ட் ப்ராப்பர்ட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எச்சரிக்கைக் குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்தது. இன்றும் அப்படிப்பட்ட நிரலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அந்தக் குறிப்புகளைத் தேடி எண்ணிப் பாருங்கள். வேலை எத்தனை நாள் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

கேள்வி: விபிஏவில் நானே எழுதிய கிளாஸுக்கு டிஃபால்ட் ப்ராப்பர்ட்டி வைக்க வழி உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: உண்டு, ஆனால் கொல்லைப்புற வழி. விபி6-இல் இதற்கென மெனு இருந்தது. விபிஏ எடிட்டரில் இல்லை. கிளாஸை ‘எக்ஸ்போர்ட்’ செய்யுங்கள். வரும் கோப்பை நோட்பேடில் திறந்து, ‘ப்ராப்பர்ட்டி கெட்’ வரிக்கு நேர் அடுத்த வரியில் ‘ஆட்ரிப்யூட்’ என்று தொடங்கி, ப்ராப்பர்ட்டியின் பெயர், புள்ளி, விபி_யூசர்மெம்ஐடி, சமக்குறி, 0 என்று எழுதிச் சேமியுங்கள். பழைய கிளாஸை ப்ராஜெக்டிலிருந்து நீக்கிவிட்டு இந்தக் கோப்பை ‘இம்போர்ட்’ செய்யுங்கள். பூஜ்யம் என்பது மைக்ரோசாஃப்டின் காம் (ஆப்ஜெக்ட்டுகளை இணைக்கும்) தொழில்நுட்பத்தில் ‘பெயர் சொல்லாவிட்டால் இதை எடு’ என்பதற்கான எண். -4 போட்டால் ‘ஃபார் ஈச்’ சுற்றுக்கான உறுப்பு.

சேர்த்த வரி எடிட்டரில் தெரியாது. வேறொருவர் உங்கள் நிரலை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அந்த வரி போகாது. நிரல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும், ஆனால் ஓடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, குறியெண் வாங்கும் ‘ஐட்டம்’ தவிர வேறு எதற்கும் இதைச் செய்யாதீர்கள் என்போம்.

கேள்வி: 11ஆம் வகுப்புக்கு சி++ நடத்துகிறேன். மாணவன் ஒருவன் எண் கிளாஸ் எழுதி, ‘^’ குறியை அடுக்குக்காக ஓவர்லோட் செய்தான். அ-வின் மதிப்பு 3. ‘அ ^ 2’ சரியாக 9 தருகிறது. ‘அ ^ 2 + 1’ மட்டும் 10-க்குப் பதிலாக 27 தருகிறது. செயற்கூற்றில் பிழை இல்லை.
— ஆசிரியை, விருதுநகர்

பதில்: செயற்கூற்றில் பிழை இல்லை, குறியில் இருக்கிறது. ஓவர்லோட் செய்தால் குறியின் வேலை மாறும், முன்னுரிமை மாறாது. சி++ இல் ‘^’ பிட் அளவிலான எக்ஸார் (இரு எண்களின் பிட்டுகளை ஒப்பிடும் குறி), கூட்டலைவிடக் கீழ்நிலை. எனவே முதலில் 2 + 1 நடந்து 3 ஆகிறது, பிறகு 3-இன் அடுக்கு 3, அதாவது 27. இன்னும் மோசமான ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்: ‘அ ^ 2 == 9’. சமன்பார்க்கும் குறிகூட ‘^’-க்கு மேல். 2 == 9 பொய், அதாவது 0; அ-வின் அடுக்கு 0, விடை 1; அது ‘உண்மை’ என்று எடுத்துக்கொள்ளப்படும். விடை தற்செயலாகச் சரியாகிவிட்டது பாருங்கள்! அ-வை 5 ஆக்கினாலும் ‘உண்மை’தான் வரும்.

அடுக்குக்குப் பெயருள்ள செயற்கூறு போதும். ஓவர்லோட் செய்யும் முன் மாணவர்கள் பார்க்க வேண்டியது, அந்தக் குறிக்கு மொழியில் ஏற்கெனவே இருக்கும் முன்னுரிமை நம் பொருளுக்குப் பொருந்துகிறதா என்பதை. அணிகளைக் கூட்ட ‘+’ பொருந்தும். அடுக்குக்கு ‘^’ பொருந்தாது.

‘&&’, ‘||’ இரண்டையும் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணமாக இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கம் ஓடாது. ஓவர்லோட் செய்துவிட்டால் அவை வெறும் செயற்கூறு அழைப்பு. இரண்டு பக்கமும் ஓடும். ‘சுட்டி இருக்கிறதா, இருந்தால் உள்ளே பார்’ என்று எழுதிய வரி, சுட்டி இல்லாதபோதும் உள்ளே பார்க்கப் போய் விழும். புள்ளி, ‘::’, ‘.*’, ‘?:’, ‘சைஸ்ஆஃப்’ ஆகியவற்றை மொழியே ஓவர்லோட் செய்ய விடுவதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

கேள்வி: ஜாவாவிலிருந்து காட்லினுக்கு மாறினோம். பில் போடும் நிரலில் பிக்டெசிமல் (துல்லியமான தசம எண்) வகையை ‘மல்ட்டிப்ளை’, ‘டிவைட்’ என்று எழுதாமல் *, / குறிகளால் எழுதினோம். 125 ரூபாய்க்கு 18 விழுக்காடு வரி 22.50 வர வேண்டியது, சில பில்களில் 22 என்று வருகிறது. சிலவற்றில் சரியாக வருகிறது.
— மென்பொருள் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: சரியாக வரும் பில்களில் விலை ‘125.00’ என்றும், தவறும் பில்களில் ‘125’ என்றும் உள்ளே வந்திருக்கும். பிக்டெசிமல் தனக்குள் தசம இடங்களின் எண்ணிக்கையையும் வைத்திருக்கிறது. காட்லினின் ‘/’ குறி, வகுபடும் எண்ணில் எத்தனை தசம இடமோ விடையிலும் அத்தனையே வைத்து, ‘ஹாஃப் ஈவன்’ முறையில் முழுமையாக்கும். 125 × 18 = 2250, தசம இடம் 0. அதை 100-ஆல் வகுத்தால் 22.5, தசமத்துக்கு இடமில்லை, சரிபாதி என்பதால் இரட்டைப்படையான 22-க்குப் போகும். 125.00 என்று வந்திருந்தால் 2250.00, விடை 22.50. ஜாவாவில் தசம இடம் சொல்லாத ‘டிவைட்’ துல்லியமான 22.5-ஐத் தந்திருக்கும், 10-ஐ 3-ஆல் வகுக்கச் சொன்னால் முடியாது என்று எக்ஸெப்ஷன் எறிந்திருக்கும்.

ஆக, நீளமான ‘டிவைட்’டும் குட்டி ‘/’-உம் ஒன்றல்ல. செய்ய வேண்டியது: வரி கணக்கிடும் இடத்தில் குறியை விட்டுவிட்டு ‘டிவைட்’டுக்குத் திரும்புங்கள், தசம இடம் 2, முழுமையாக்கும் முறை எது என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள். அந்த முறையை உங்கள் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நிரலாளர் முடிவு செய்ய வேண்டாம். கூட்டல், கழித்தலுக்குக் குறிகளையே வைத்துக்கொள்ளலாம், அவற்றில் இழப்பு இல்லை. விலை உள்ளே வரும் வாசலிலேயே ‘செட்ஸ்கேல்’ 2 போடுவதும் நல்லது.

‘==’-ஐயும் தேடிப் பாருங்கள். காட்லினில் அது ‘ஈக்வல்ஸ்’ஸை அழைக்கும், பிக்டெசிமலின் ‘ஈக்வல்ஸ்’ஸுக்கு 2.0-உம் 2.00-உம் வேறு வேறு. ஆனால் ‘<=’, ‘>=’ குறிகள் ‘கம்பேர்டு’வை அழைக்கும்; அதற்கு இரண்டும் சமம். ஒன்று மற்றதைவிடப் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை, ஆனால் சமமும் இல்லை என்று நிரல் சாதிக்கும். இரண்டும் சாவிப் பட்டியல்களே, ஆனால் ‘ஈக்வல்ஸ்’ பார்க்கும் ஹேஷ்மேப்பில் 2.0-உம் 2.00-உம் தனித்தனிச் சாவி, ‘கம்பேர்டு’ பார்க்கும் ட்ரீமேப்பில் ஒரே சாவி.

கேள்வி: பொழுதுபோக்காகச் சொந்தமாக ஒரு சிறு மொழி எழுதுகிறேன். ஆபரேட்டர் ஓவர்லோடிங், டிஃபால்ட் ப்ராப்பர்ட்டி இரண்டில் ஒன்றைத்தான் சேர்க்க நேரம் இருக்கிறது. எது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஓவர்லோடிங். இரண்டும் நிரலைச் சுருக்கும். இரண்டையும் தவறாகவும் பயன்படுத்தலாம். வேறுபாடு இதுதான்: ஓவர்லோட் செய்த ‘+’ தாளில் இருக்கிறது. வாசிப்பவர் அதன்மேல் விரல் வைத்து ‘இது எந்த +’ என்று கேட்கலாம். எடிட்டரும் அந்த இடத்துக்குக் கூட்டிப் போகும். டிஃபால்ட் ப்ராப்பர்ட்டி வேலை செய்யும் இடத்தில் தாளில் எதுவும் இல்லை. விரல் வைக்க இடமில்லாத ஒன்றை எப்படிச் சந்தேகப்படுவது? போதாக்குறைக்கு அது ஓடுமா ஓடாதா என்பதைச் சுற்றியிருப்பவை தீர்மானிக்கின்றன: வாங்குபவரின் வகை, அடைப்புக்குறி, ‘செட்’.

டிஃபால்ட் ப்ராப்பர்ட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, தானியங்கி வகைமாற்றம் என்ற பெயரில் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்துவிடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் மில்லிவினாடிகள் கிடைக்கும். தேதியோடு 1-ஐக் கூட்டினால் எழுத்துச் சரமாகி கடைசியில் 1 ஒட்டிக்கொள்ளும். ஒரே ஆப்ஜெக்ட்டுக்கு இரண்டு ‘டிஃபால்ட்’. சி++ இல் பூலியன் வெக்டரின் (உண்மை/பொய் மதிப்புகளின் பட்டியல்) ஓர் உறுப்பை ‘ஆட்டோ’ போட்டு எடுத்தால் கைக்கு வருவது பூலியன் அல்ல, அந்த இடத்தைச் சுட்டும் பதிலாள். பிறகு வெக்டரை மாற்றினால் நீங்கள் ‘எடுத்து வைத்த’ மதிப்பும் மாறும். ஈரோட்டு வாசகரின் செல் கதையேதான். சி# இதில் கொஞ்சம் ஒழுங்கு: தகவல் இழக்காத, பிழை எறியாத மாற்றத்துக்கு மட்டும் ‘இம்ப்ளிசிட்’ (தானாக நடப்பது), மற்றதற்கு ‘எக்ஸ்ப்ளிசிட்’ (எழுதிக் கேட்டால் மட்டும் நடப்பது) என்று வழிகாட்டுகிறது. சொந்த மொழி என்றால் முதல் பதிப்பில் இரண்டாவதை மட்டும் வையுங்கள்.

குறியெண் வாங்கும் ப்ராப்பர்ட்டி வேறு சங்கதி. டெல்ஃபி, சி#, விபி டாட்நெட் மூன்றுமே வைத்திருக்கின்றன. சதுர அடைப்புக்குறியை ஓர் ஆபரேட்டராகவே கருதி ஓவர்லோட் செய்ய விட்டால் அது இலவசமாக வந்துவிடும்.

ஓவர்லோடிங்கில் கையைக் கட்ட வேண்டிய இடங்கள் உண்டு. குறிகளின் பட்டியலையும் முன்னுரிமையையும் மொழியே நிலையாக வைத்துக்கொள்ளட்டும், காட்லின் போல. புதுக் குறி உருவாக்க ஸ்விஃப்ட் விடுகிறது. வாசிக்கப் புது அகராதி வேண்டியிருக்கும். குறுக்கு மதிப்பீடு செய்பவை (இடப்பக்கத்தைப் பார்த்தே வலப்பக்கத்தை விட்டுவிடும் குறிகள்), ஒதுக்கீடு ஆகியவற்றைப் பூட்டிவிடுங்கள். ‘==’-ஐத் திறந்தால் ஹேஷும் (சாவியைத் தேட உதவும் எண்) கூடவே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள்: பைத்தான் 3-இல் ‘==’-ஐ மட்டும் எழுதினால் அந்த ஆப்ஜெக்ட் டிக்‌ஷனரிச் சாவி ஆகும் தகுதியை இழந்துவிடும்; சி# எச்சரிக்கையோடு விட்டுவிடும். பைத்தான் முறையே மேல்.

‘+=’ பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். பைத்தானில் ஆ = அ என்று வைத்துவிட்டு, அ += [1] என்றால் ஆ-வும் மாறும்; அ = அ + [1] என்றால் மாறாது. ‘+=’ என்பது ‘+’-இன் சுருக்கம் மட்டுமே என்று விதித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பெரிய பட்டியல்களில் ஒவ்வொரு முறையும் முழு நகல் எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: ஜாவாவில் ஆபரேட்டர் ஓவர்லோடிங் கிடையாது என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியாயமா?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பாதி நியாயம். நீங்கள் ஓவர்லோட் செய்ய முடியாது; மொழி தனக்காக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. எழுத்துச் சரத்துக்கு ‘+’ ஒட்டும் வேலை செய்கிறது. 1 + 2 + "ரூ" என்றால் ‘3ரூ’; "ரூ" + 1 + 2 என்றால் ‘ரூ12’. இடமிருந்து வலமாகப் போகும்போது சரம் எங்கே குறுக்கிடுகிறதோ அங்கிருந்து கூட்டல் ஒட்டலாகிவிடுகிறது. ‘நிரலாளர் ஓவர்லோட் செய்ய முடியாது’ என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கேட்கலாம்.